புது வீட்டின் வருமானமும் பிள்ளையின் பங்கும்

மறுமணம் என்றதும் ஒரு காலத்தில் கைம்பெண்களும், மனைவியை இழந்த ஆடவரும் மட்டுமே நம் நினைவுக்கு வந்தனர். இன்று நிலை அப்படியன்று. நாட்டின் நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றோரும், திருச்சபையின் நீதிமன்றத்தில் தம் திருமணம் தொடக்கமுதலே செல்லாதது எனத் தீர்ப்புப் பெற்றோரும் மீண்டும் இல்லறத்தில் கால் வைக்கின்றனர். அவர்களுள் பலருக்கு முதல் இல்லறத்துப் பிள்ளைகள் இருக்கின்றனர். புது வீட்டில் விளக்கேற்றும் நாளில், பழைய வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நினைப்பவர் யார்?

இத்தகைய குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி எழுவதுண்டு. ஒன்று தந்தையின் பேச்சு: "அவள் மறுமணம் செய்துகொண்டாள், புதுக் கணவர் நன்றாகச் சம்பாதிக்கிறார். இனிப் பிள்ளைக்கு நான் ஏன் பணம் அனுப்பவேண்டும்?" மற்றொன்று தாயின் பேச்சு: "அவருடைய புது மனைவி ஆசிரியை. அந்த வீட்டில் இப்போது இரண்டு சம்பளம். பிள்ளைக்கு இரு மடங்கு தரச்சொன்னால் என்ன?" இரண்டிலும் ஓரளவு நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆயினும் இரண்டும் ஒரே தவற்றில்தான் வேரூன்றியிருக்கின்றன. பிள்ளையைக் காக்கும் கடன் பிள்ளையைப் பெற்றவரிடமிருந்து நழுவி, புதிதாக வந்தவரின் பணப்பையைத் தேடிப் போவதாக இரு சாராரும் எண்ணிவிடுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. திருச்சபையும் அவ்வாறு கற்பிக்கவில்லை.

உரிமை யாருடையது?

மணவாழ்வு முறிந்த குடும்பங்களில் பிள்ளைக்கென வரும் தொகையைத் தாய்க்கு வரும் பணமாகவே எல்லாரும் பேசுகின்றனர். அவள் கையில் அது தரப்படுவதால் ஏற்படும் மயக்கம் இது. உண்மையில் அது பிள்ளையின் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கான தொகை. தாய் அதைப் பெற்றுச் செலவிடும் பொறுப்பாளர் மட்டுமே.

நம் நாட்டில் எச்சமயத்தவரும் நாடக்கூடிய பொதுவான பராமரிப்புச் சட்டம் ஒன்று உண்டு. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவாக அது நெடுங்காலம் வழங்கிவந்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. போதிய வசதி உள்ள ஒருவர் தம் மனைவியையோ, பிள்ளையையோ, பெற்றோரையோ காக்கத் தவறினாலும் மறுத்தாலும், மாதந்தோறும் ஒரு தொகை தருமாறு நீதிபதி ஆணையிடலாம் என்பதே அதன் சாரம். முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை, அவ்வாறு பிறவாத பிள்ளை என்ற வேற்றுமை அங்கு இல்லை.

1973-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது, இத்தொகை மாதம் 500 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்ற வரம்பு இருந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பை நீக்கிற்று. வழக்கு முடியும்வரை பிள்ளை பட்டினி கிடவாதபடி இடைக்காலத் தொகை கேட்கவும் அத்திருத்தம் வழி செய்தது. எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாள்களுக்குள் அம்மனுவை முடிக்கவேண்டும் என்பது விதி.

இச்சட்டத்தில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது, கடன்பட்டவர் யார் என்பதே. "போதிய வசதியுள்ள ஒருவர் தம் பிள்ளையை" என்றே சட்டம் பேசுகிறது. பிள்ளையைப் பெற்றவரின் புதுக் கணவரையோ, புது மனைவியையோ அது கடன்காரராக்கவில்லை.

தாய் மறுமணம் செய்தால்

மணமுறிவு பெற்ற பெண், மறுமணம் செய்யாதிருக்கும்வரைதான் முன்னாள் கணவரிடமிருந்து தனக்கென வாழ்க்கைப்படி பெறமுடியும். அவள் மறுமணம் செய்துகொண்டால், அந்நாள் முதல் அவளுக்கான ஆணையை நீதிபதி நீக்கிவிடுவார். இதைத்தான் பல தந்தையர் பிழையாகப் புரிந்துகொண்டு, பிள்ளைக்கான தொகையையும் சேர்த்தே நிறுத்திவிடுகின்றனர்.

மனைவியின் உரிமை வேறு. பிள்ளையின் உரிமை வேறு. தாய்க்குப் புதுக் கணவர் கிடைத்ததால் பிள்ளைக்குப் புதுத் தந்தை பிறந்துவிடவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். தாய்க்கு 6,000 ரூபாயும் பிள்ளைக்கு 5,000 ரூபாயும் என ஆணை இருந்தால், தாயின் மறுமணத்தால் நிற்பது அந்த 6,000 ரூபாயே. 5,000 ரூபாய் தொடரவேண்டும். புதுக் கணவர் பெருஞ்செல்வராயினும் இதில் மாற்றமில்லை.

மணமுறிவின்போது இருவரும் ஒத்துப்போய் எழுதிக்கொள்ளும் உடன்பாட்டிலும் இவ்வேற்றுமை உண்டு. "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை என்பதை உச்சநீதிமன்றமும் உரைத்துள்ளது.

பிள்ளைக்குப் பணம் கேட்டால், "நீதான் மறுமணம் செய்துகொண்டாயே, பிள்ளையை என்னிடம் கொடு" என்று முன்னாள் கணவர் வழக்காடுவாரோ எனப் பல பெண்கள் அஞ்சி வாய் மூடி இருக்கின்றனர். மறுமணம் ஒன்றே தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகாது என்று 2006-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பிள்ளையின் நலன் எங்கே என்பதே அங்கே முதற் கேள்வி.

ஒரே ஒரு வழியில் இக்கடன் இடம் மாறும். புதுக் கணவர் சட்டப்படி அப்பிள்ளையைத் தத்தெடுத்தால், அன்றுமுதல் பிள்ளை அவருடைய பிள்ளையாகிறது. காக்கும் கடனும் அவருடையதாகிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியாகக் கிறிஸ்தவரும் இவ்வாறு முறையாகத் தத்தெடுக்கலாம். அதற்குப் பெற்ற தந்தையின் இசைவும் உரிய ஆணையும் வேண்டும். பள்ளிச் சேர்க்கையில் பெயரை மாற்றி எழுதுவதும், வீட்டில் "அப்பா" என்று அழைப்பதும் தத்தாகிவிடா.

தந்தை மறுமணம் செய்தால்

இனி மறுபக்கத்தைக் காண்போம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தையின் கைக்கு வரும் சம்பளம் மாதம் 40,000 ரூபாய். முதல் மணத்துப் பிள்ளைக்கு 8,000 ரூபாய் அனுப்பிவருகிறார். இப்போது 50,000 ரூபாய் ஊதியம் பெறும் பெண்ணை மணக்கிறார். வீட்டின் மொத்த வருமானம் 90,000 ரூபாய் ஆகிறது. பிள்ளைக்குரிய தொகையை 90,000-இல் கணக்கிடலாமா?

கூடாது. அந்த 50,000 ரூபாய் அப்பெண்ணின் உழைப்பின் பயன். கணவரின் முதல் மணத்துப் பிள்ளையைக் காக்கும் கடன் அவளுக்குச் சட்டத்தில் இல்லை. எனவே தந்தையின் 40,000 ரூபாயே கணக்கின் அடிப்படை.

ஆயினும் அவளுடைய ஊதியம் இக்கணக்கை எவ்வகையிலும் தொடாது என்று எண்ணுவதும் பிழை. மறைமுகமாக மூன்று இடங்களில் அது தலைகாட்டும்.

முதலாவது, தந்தையின் செலவுப் பட்டியல். தொகையை முடிவுசெய்யும் நீதிபதி, கொடுப்பவரின் நியாயமான செலவுகளையும் கருதுகிறார். "10,000 ரூபாய் வீட்டு வாடகை போனபின் என்ன மிஞ்சுகிறது?" என்று முன்பு சொல்லிவந்தவர், இப்போது அவ்வாடகையில் பாதியை மனைவி ஏற்கும்போது அதே வாதத்தைச் சொல்லமுடியாது. மனைவியின் பணம் பிள்ளைக்குப் போகவில்லை. ஆனால் தந்தையின் பணத்தில் 5,000 ரூபாய் விடுபடுகிறது. பிள்ளையின் தேவையும் வளர்ந்திருந்தால், நீதிபதி அதை எண்ணிப்பார்க்கக்கூடும்.

இரண்டாவது, புதிதாகப் பிறக்கும் பிள்ளை. இரண்டாம் இல்லறத்தில் குழந்தை பிறந்தால் தந்தையின் பொறுப்பு கூடுகிறது என்பது மெய். 2017 ஏப்ரலில் நீதியரசர் ஆர். பானுமதி எழுதிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதைக் காட்டுகிறது. முன்னாள் மனைவிக்கும் மகனுக்குமாக உயர்நீதிமன்றம் விதித்திருந்த மாதம் 23,000 ரூபாயை, கணவர் மறுமணம் செய்து அவ்வில்லறத்திலும் பிள்ளை பெற்றிருப்பதைக் கருதி 20,000 ரூபாயாக உச்சநீதிமன்றம் குறைத்தது. குறைத்தது 3,000 ரூபாயே. அடியோடு நீக்கவில்லை என்பது நினைவிற்குரியது. முந்திய பிள்ளையின் பசி, பிந்திய பிள்ளை பிறந்ததால் ஆறிவிடுவதில்லை அல்லவா? மேலும், புதிய பிள்ளைக்கு ஊதியம் பெறும் தாய் இருந்தால், அப்பிள்ளையின் செலவு முழுவதும் தந்தையின் தோளில் விழுவதில்லை. "எனக்குப் புதுச் சுமை" என்று குறைப்பு வேண்டும் தந்தைக்கு எதிராகவே புது மனைவியின் ஊதியம் அங்கே சான்று கூறலாம்.

மூன்றாவது, வேலையை விட்டுவிடும் தந்தை. புது மனைவியின் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு, "எனக்கு வருமானமே இல்லை" என்று நீதிமன்றத்தில் கைவிரிப்போர் சிலர் உண்டு. சட்டம் "வருமானம்" என்று சொல்லாமல் "போதிய வசதி" என்று சொல்வதன் ஆழம் இங்கேதான் விளங்கும். உடல் வலிமையுள்ளவர் கூலி வேலை செய்தேனும் மனைவி மக்களைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. உழைக்கும் ஆற்றலும் ஒரு வசதியே.

தாயும் உழைப்பவளாயின்

பிள்ளை இருவருடையது, ஆகவே கடனும் இருவருடையது. 2000-ஆம் ஆண்டில் இந்துச் சட்டத்தின்கீழ் வந்த ஒரு வழக்கில், தந்தையின் சம்பளம் தாயின் சம்பளத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்ததால், பிள்ளைகளின் செலவை இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் இருவரும் ஏற்கவேண்டுமென உச்சநீதிமன்றம் பிரித்துக்கொடுத்தது. 2020 நவம்பரில் வழங்கிய விரிவான தீர்ப்பிலும், பிள்ளையின் கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்கவேண்டும் என்றும், தாய் போதிய அளவு சம்பாதித்தால் அதை விகிதப்படி பகிரலாம் என்றும் அந்நீதிமன்றம் நெறி வகுத்தது.

இங்கும் பேசப்படுவது தாயின் சொந்த ஊதியமே. அவளுடைய புதுக் கணவரின் ஊதியமன்று. பெற்றவர் இருவரும் தத்தம் கைக்கேற்பக் கொடுப்பர். துணையாக வந்தவர்கள் அந்தத் தராசில் ஏறுவதில்லை.

அதே 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, வழக்காடும் இருவரும் தம் வருமானம், சொத்து, கடன், செலவு யாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்யவேண்டுமென நாடு முழுவதற்கும் விதித்தது. ஒளித்து வைப்பதும், கூட்டிச் சொல்வதும் இதனால் ஓரளவு அடங்கும்.

அயல்நாடுகளிலும் இதுவே

நம் குடும்பங்களில் பலவற்றின் பிள்ளைகள் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். அங்குள்ள விதிகளும் இதே நியாயத்தையே எண்களில் எழுதிவைத்திருக்கின்றன. பிரிட்டனில் தொகையைக் கணக்கிடும் அரசுத் துறை, கொடுக்கும் பெற்றோரின் வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. புதுத் துணையின் வருமானத்தை எடுப்பதில்லை. ஆனால் அவருடைய புது வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தால், ஒரு பிள்ளைக்கு 11 விழுக்காடும், இரு பிள்ளைகளுக்கு 14 விழுக்காடும், மூவர்க்கும் அதற்கு மேலும் 16 விழுக்காடும் அவர் வருமானத்திலிருந்து கழித்துவிட்டு மீதியில் கணக்கிடுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம், புதுத் துணையின் வருமானத்தைக் கருதக்கூடாது என்றே விலக்குகிறது. அதை ஒதுக்கினால் பிள்ளைக்குக் கொடுந்துன்பம் நேரும் எனில் மட்டும் அரிதாக விதிவிலக்குத் தருகிறது. கனடாவிலோ, விதித்த தொகையைக் கொடுப்பது தமக்குத் தாங்கொணாச் சுமை என ஒருவர் முறையிடும்போது மட்டும், இரு வீடுகளின் வாழ்க்கைத் தரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அப்போது புதுத் துணையின் ஊதியமும் பார்வைக்கு வரும்.

திருச்சபை கேட்கும் கேள்வி

திருமணம் செல்லாது என்னும் தீர்ப்பு வந்துவிட்டால் பழைய கணக்குகள் யாவும் அழிந்தன என்று சிலர் எண்ணுகின்றனர். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்கு நேர்மாறானது. செல்லாதெனும் தீர்ப்பிலேயே, பிள்ளைகளின் பராமரிப்பும் கல்வியும் பற்றி இருவருக்கும் உள்ள அறநெறிக் கடமைகளையும் நாட்டுச் சட்டக் கடமைகளையும் நினைவூட்டவேண்டும் என்கிறது அத்தொகுப்பு. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 1691-ஆம் எண்ணில் இவ்விதி உள்ளது. செல்லும் என்று நல்லெண்ணத்துடன் செய்த மணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று 1137-ஆம் எண் உரைக்கிறது. தம்பதியர் பிரிந்து வாழும்போதும் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் எப்போதும் வகை செய்யவேண்டும் என்று 1154-ஆம் எண் கட்டளையிடுகிறது.

இவற்றினும் கூர்மையானது 1071-ஆம் எண். முந்திய உறவினால் பிள்ளைகளுக்கோ மற்றவருக்கோ இயற்கைக் கடமை உள்ள ஒருவரின் திருமணத்தை, அவசர நிலை தவிர, தல ஆயரின் அனுமதியின்றிக் குரு நடத்திவைக்கக் கூடாது. இதன் பொருள் என்ன? பீடத்தின் முன் புது வாக்குறுதி கொடுக்க வருபவரிடம், "பழைய வாக்குறுதியால் பிறந்த பிள்ளைக்குச் சோறு இருக்கிறதா?" என்று திருச்சபை முதலில் கேட்கிறது. எனவே பங்குத்தந்தை இதைப்பற்றி வினவும்போது, வீண் தடை செய்கிறார் என்று மனம் வருந்தவேண்டாம். ஒரு பிள்ளையின் பெயரால் அவர் அக்கேள்வியைக் கேட்கிறார்.

மற்றொன்றும் மறக்கலாகாது. திருச்சபை நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் நாட்டுச் சட்டத்தின்முன் மணத்தை முடித்துவிடாது என்று 1996-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நாட்டின் நீதிமன்றத் தீர்ப்பும் பெறாமல் மறுமணம் செய்தால், அப்புதிய மணம் சட்டத்தில் நில்லாது. முதல் மனைவியின் உரிமையும் அப்படியே இருக்கும்.

செய்யவேண்டுவன

மறுமணம் செய்ய நினைப்பவர், திருமண ஒப்பந்தத்திற்கு முன்பே முதல் பிள்ளைக்குரிய தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் புதுத் துணையிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். மறைத்துக் கட்டிய இல்லத்தில் மாதந்தோறும் முதல் வாரத்தில் சண்டை பிறக்கும்.

சூழ்நிலை மாறினால், கொடுப்பவர் தாமாகவே தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. பெறுபவரும் சாலையில் நின்று கூடுதல் கேட்டுச் சண்டையிடல் வேண்டா. ஆணையை மாற்றித்தர நீதிபதிக்கு மேற்சொன்ன புதிய சட்டத்தின் 146-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. இருவரில் எவரும் சான்றுகளுடன் மனுச் செய்யலாம்.

தொகை நின்றுபோனால் காலம் தாழ்த்தாதீர்கள். நிலுவையை வசூலிக்கும் ஆணை வேண்டி, தொகை செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். ஆணை பிறந்தும் கொடாதவரை, நிலுவையாகும் ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மாதம்வரை சிறையிலிடவும் சட்டத்தில் இடமுண்டு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கவும் வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தை அணுகினால் போதும்.

சட்டம் நிற்கும் இடமும் அன்பு தொடங்கும் இடமும்

மாற்றாந்தாய்க்கும் மாற்றுத் தந்தைக்கும் கடனில்லை என்று இதுவரை கூறினோம். கடனில்லை என்பதால் உறவும் இல்லை என்றாகுமா? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. தாம் பெறாத பிள்ளைக்குத் தச்சுப் பட்டறையில் உழைத்துச் சோறிட்ட புனித சூசையப்பரை நாம் குடும்பங்களின் காவலராகப் போற்றுகிறோம். விடுமுறைக்கு வரும் கணவரின் மூத்த பிள்ளைக்குத் தன் பிள்ளைக்கு எடுத்த துணியையே எடுத்துக்கொடுக்கும் பெண்ணைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் அவள் செய்வது அறமாகிறது.

ஆனால் அந்த அன்பைக் காட்டிப் பெற்றவர் தம் கடனிலிருந்து தப்பக்கூடாது. புதுக் கணவர் அன்போடு கொடுப்பது பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கவேண்டிய வரம். தந்தை கொடுக்கவேண்டியதற்கு அது ஈடாகாது. மாதாமாதம் தந்தையிடமிருந்து வந்து சேரும் தொகை, பிள்ளைக்கு அரிசியும் புத்தகமும் வாங்கித் தருவதோடு, "நீ இன்னும் என் பிள்ளைதான்" என்ற சொல்லையும் சுமந்துவருகிறது. அச்சொல்லை வேறு எவருடைய சம்பளத்தாலும் வாங்கமுடியாது.